சேர்த்து வைத்த குளிர்

இப்போதெல்லாம் யாரும் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். முன்பு ஒருவனுக்குச் சுத்தியல் வேண்டுமென்றால் வாசலில் வந்து நிற்பான். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பான். கொடுத்த காபியைக் குடிப்பான். அப்புறம்தான் சுத்தியல் என்ற பேச்சே வரும். இப்போது பொருள் அவன் கையில் இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும், "நீங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்பான். எனக்கே தெரியாதது அவனுக்கு எப்படித் தெரிகிறதோ.

அன்று ரொட்டி வரிசையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். என் அறைச் சுவரில் ஏசி இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. ஓட்டை வழியாகப் பின் முற்றம் தெரிந்தது, பக்கத்து வீட்டு நெரெய்டாவின் கொடி தெரிந்தது, கொடியில் அவளுடைய உள்பாவாடை தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

கூடத்துக்குப் போனேன். என் மருமகன் ஒஸ்னியல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே வில்பெர். வில்பெர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன், எங்கள் தெருவிலேயே இருக்கிறான், வாய் நீளம். இரண்டு பேருக்கும் நடுவில் என் ஏசி, மேல்மூடி கழற்றப்பட்டு, ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி உட்கார வைத்த கிழவன் மாதிரி இருந்தது.

"வந்துட்டீங்களா மாமா? நீங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டீங்கன்னு..."

"நெனைச்சுக்குவேன்."

"நீங்கதான் அதைப் போடறதே இல்லையே."

"ராத்திரி பல்செட்டையும்தான் போடறதில்ல. அதையும் எடுத்துக்குவியா?"

வில்பெர் தலையைத் தூக்காமலேயே சொன்னான்: "பல்செட்டுல கம்ப்ரசர் இருந்தா எடுத்திருப்போம் பெருசு."

அது ரஷ்ய ஏசி. ரயில் பட்டறையில் சக்கரங்களுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நல்ல தொழிலாளி என்று எனக்குக் கொடுத்தார்கள். கூடவே மரச்சட்டம் போட்ட பாராட்டுக் காகிதம் ஒன்றும் கொடுத்தார்கள். காகிதத்தைக் கரையான் தின்றது. ஏசியை எதுவும் தின்னவில்லை. போட்டால் டிராக்டர் மாதிரி உறுமும், தெரு விளக்கு மங்கும். அதனால் போடுவதில்லை. போடாத பொருளானாலும் என் சுவரில் இருந்த பொருள்.

"எதுக்குடா இது?"

ஒஸ்னியல் தொட்டியைக் காட்டினான்.

கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. என் மகள் யுலைமியும் இவனும் கல்யாணமான புதிதில் கண்ணாடித் துண்டுகளைப் பிசின் வைத்து ஒட்டிச் செய்தது. அதில் மூன்று தங்கமீன்கள் இருந்தன. அந்த வெயிலுக்கு இரண்டு செத்துவிட்டன. மிச்சம் இருந்தது குண்டன். வெள்ளை உடம்பு, தலையில் சிவப்பாகத் தக்காளி வெடித்த மாதிரி சதை, என் உள்ளங்கையை விடப் பெரிது. யுலைமி விரல்நகம் அளவில் வாங்கி வந்து வளர்த்தது. அது தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வெளியே நீட்டிக் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி சூப் மாதிரி இருக்கு மாமா. கையை விட்டுப் பாருங்க. கரண்ட் இல்லாம காத்து மோட்டாரும் நின்னு போவுது. சூடான தண்ணில மூச்சு முட்டும் அதுக்கு. குளிர வச்சா பொழைக்கும்."

"பொழைச்சு?"

அவன் சொல்லவேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

யுலைமி பிரேசிலுக்குப் போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. ஒருத்தர் போகத்தான் வழி இருந்தது, அவள் போனாள். உன்னையும் அங்கே அழைத்துக்கொள்ளக் காகிதம் போடுகிறேன் என்று இவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். இவன் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்த்துக்கொண்டு என் வீட்டிலேயே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். முதலில் என்னிடம் சாப்பிட்டீர்களா என்பாள். அப்புறம் "குண்டன் எங்க? காட்டு" என்பாள். இவன் போனைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடுவான். அப்புறம் போன் முடியும்வரை மீன் பேச்சுத்தான். என்ன தின்றது, எவ்வளவு பெருத்தது, தலைச்சதை கண்ணை மறைக்கிறதா. வேறு பேச்சு நின்று வெகுநாள் ஆயிற்று. மீனும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எதைக் காட்டுவது? அதுதான் ஒஸ்னியலின் பயம். அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொட்டியின் முன்னால் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும்.

அவள் மீனைப் பற்றிக் கேட்பது மீனுக்காக என்று அவன் நம்பினான். கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. அவள் பேருந்து ஏறிய அன்றே அந்த இடத்தில் ஒன்றும் ஆவது நின்றுவிட்டது.

"எடுத்துக்கோ. ஓட்டையை அடைச்சுக் குடு. நெரெய்டா பாவாடையைப் பாத்துகிட்டு என்னால தூங்க முடியாது."

"பாக்கக் குடுத்து வச்சிருக்கணும் அண்ணே!" என்று முற்றத்திலிருந்து நெரெய்டாவின் குரல் வந்தது. அவளுக்குக் காது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வேலையை நான் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். உதவி செய்ய இல்லை. வில்பெர் போன்றவர்கள் ஐந்து திருகாணி கழற்றினால் மூன்றைத்தான் திரும்பப் போடுவார்கள், இரண்டு அவர்கள் பைக்குள் போகும். அதற்காக உட்கார்ந்தேன்.

ஏசிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் குளிரும், ஒரு பக்கம் சூட்டைக் கக்கும். குளிரும் பக்கத்தில் இருக்கிற காயில் என்ற குழாய்ச்சுருளை, அதன் செப்புக் குழாய் ஒடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து வெளியே கொண்டுவர வேண்டும். வில்பெர் அதைச் செய்யும்போது மட்டும் பேசவில்லை. ஒஸ்னியல் மூச்சு விடவில்லை. குழாய் ஒரு இடத்தில் முனகியது. ஒடியவில்லை.

"இதை அப்படியே தொட்டிக்குள்ள எறக்கிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எறக்கலாம். மீனுக்குச் செம்பு ஆவாது. ஒரே வாரத்துல உங்க தட்டுக்கு வந்துரும், வாழைக்காயோட வறுத்துச் சாப்பிடலாம்."

"வில்பெரு!" என்றான் ஒஸ்னியல்.

"சும்மா சொன்னேன்டா. மூஞ்சியைப் பாரு, மாமியார் செத்த மாதிரி."

அதனால் ஒரு பழைய வாஷிங் மெஷினின் அலுமினியத் தொட்டி வந்தது. அதுவும் ரஷ்யாதான். எங்கள் ஊரில் ரஷ்யப் பொருள் எதுவும் சாவதில்லை, வேறு ஒன்றாக மாறி எங்கேயாவது உறுமிக்கொண்டிருக்கும். அலுமினியத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, காயிலை அதில் முக்கினார்கள். மீன் தொட்டித் தண்ணீர் ஒரு நீளமான ரப்பர் ஹோஸ் வழியாக வந்து, அலுமினியத் தொட்டிக்குள் சுருள் சுருளாகச் சுற்றி, குளிர்ந்து, மீன் தொட்டிக்கே திரும்பும். தண்ணீரைத் தள்ள அதே வாஷிங் மெஷினின் அழுக்குத் தண்ணீர் மோட்டார். மீன் குடிக்கும் தண்ணீரும் செம்பும் ஒன்றை ஒன்று தொடாது. இதை வில்பெர் எனக்கு மூன்று தடவை விளக்கினான். முதல் தடவையே புரிந்தது. மூன்று தடவையும் ஒரே மாதிரி சொல்கிறானா என்று பார்த்தேன்.

கேஸ் இல்லை. ஏசிக்குள் இருந்தது எப்போதோ ஓடிவிட்டது. ஏசிக்கு ஊற்றுகிற கேஸ் இந்த ஊரில் கிடைப்பதில்லை. எல்லாரும் செய்வது போலச் சமையல் கேஸைத்தான் ஏற்ற வேண்டும் என்றான் வில்பெர். சிலிண்டர் நெரெய்டாவிடம் இருந்தது, அடியில் கொஞ்சம்.

"என் பீன்ஸ் வேகற கேஸ்ல உங்க மீன் குளிரணுமா?" இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள் நெரெய்டா. "நான் கரி அடுப்புல ஊதி ஊதிக் கண்ணு போவணும், அது ஏசி போட்டுக்கிட்டுப் படுக்கணும். நல்லா இருக்கு நியாயம்."

"கொஞ்சம்தான் அக்கா. ஒரு டம்ளர் அளவு."

"கேஸை டம்ளர்ல அளக்கறவன இப்பதான் பாக்கறேன்."

கடைசியில் கொடுத்தாள். சூடு கக்கும் பக்கத்தை அவள் கொடியைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும் என்று பேச்சு. மழைக்காலத்தில் துணி காய்வதில்லை என்றாள். வில்பெர் கேஸை ஏற்றி, குழாய் ஒட்டிய இடத்திலெல்லாம் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். நான் நாற்காலியைத் தெருவுக்கு நகர்த்தினேன்.

"என்ன பெருசு, வெடிக்கும்னு பயமா?"

"வெடிச்சா யாராவது ஒருத்தன் இருந்து எப்படி வெடிச்சதுன்னு சொல்லணும்ல."

வெடிக்கவில்லை. தெருவே "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கத்தியது. எங்கள் ஊரில் கரண்ட் வந்தால் அப்படித்தான் கத்துவார்கள், கிழவிகூடக் கத்துவாள். ஒஸ்னியல் சுவிட்சைப் போட்டான். என் ஏசி உறுமியது. அலுமினியத் தொட்டியில் காயிலைச் சுற்றி வெள்ளைப் பூச்சு ஏறியது. ஒஸ்னியல் முழங்கை வரை மீன் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றான். சாயங்காலத்துக்குள் குண்டன் மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கியது. ரொட்டித் துணுக்கைத் தின்றது. நெரெய்டாவின் துணி ஒரு பக்கம் காய்ந்துவிட்டது என்று அந்தப் பக்கம் சத்தம்.

"பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"என்ன மாமா, ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"இன்னிக்கு ஓடுது."

அந்த ஞாயிறு யுலைமி போனில் வந்தபோது ஒஸ்னியல் மீனைக் காட்டினான், அலுமினியத் தொட்டியைக் காட்டினான், ஹோஸைக் காட்டினான், என் அறை ஓட்டையில் அடித்திருந்த பலகையைக் கூடக் காட்டினான். அவள் சிரித்தாள். தடிமனான கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அங்கே குளிர்காலம். "எங்க வீட்டு ஹீட்டர் வேலை செய்யல, நீ என்னடான்னா மீனுக்குக் குளிர் செஞ்சுகிட்டு இருக்க" என்றாள். எங்க வீடு என்று அவள் சொன்னது எந்த வீடு என்று ஒஸ்னியல் கேட்கவில்லை. அன்று அவன் விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

கொஞ்ச காலம் அப்படி ஓடியது. போடுவது அணைப்பது எல்லாம் கையால்தான். தானாக அணையும் தெர்மோஸ்டாட் என் ஏசியில் செத்திருந்தது. கையை விட்டுப் பார்ப்பது, போதும் என்றால் சுவிட்சை அணைப்பது. ஒஸ்னியல் இல்லாதபோது வில்பெர் வந்து பார்ப்பான், காபி குடிப்பான், போவான்.

அப்புறம் கரண்ட் நிலைமை மோசமானது. எங்கோ பெரிய மின் நிலையம் ஒன்று நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பகலெல்லாம் இருக்காது. வந்தால் ஒரு பொழுது, அதற்குள் ஊரே பேய் பிடித்த மாதிரி ஓடும். தண்ணீர் மோட்டார், சோறு, துணி தேய்ப்பது, பேட்டரி விளக்குக்குச் சார்ஜ், எல்லாம் அந்த ஒரு பொழுதில். போன பிறகு மறுபடி வெயில். குண்டன் மறுபடி மேலே வந்து காற்றைக் கடிக்க ஆரம்பித்தது. அதன் வயிற்றுச் செதில் ஒன்று எழும்பி நின்றது. ஒஸ்னியல் ரொட்டிக்கடையில் அடுப்பு முன்னால் வெந்துவிட்டு வந்து, தொட்டி முன்னால் உட்கார்ந்து அட்டையால் விசிறுவான். மீனுக்கு விசிறினான், தனக்கு இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யார் சொன்னது என்று பிறகு சண்டை வந்தது. வில்பெர் நெரெய்டா என்றான், நெரெய்டா வில்பெர் என்றாள். யார் சொல்லியிருந்தாலும் எங்கள் ஊரில் அது யோசனையே இல்லை, பழக்கம். முற்றத்தில் இருக்கும் மண்தாழி எதற்கு? மழை வரும்போது தண்ணீரைப் பிடித்து வைக்க. தண்ணீர் வந்தால் பிடித்து வைப்போம், அரிசி வந்தால் பிடித்து வைப்போம், கரண்ட் வந்தால் விளக்குக்குள் பிடித்து வைப்போம். குளிரையும் பிடித்து வைத்தால் என்ன?

"கரண்ட் இருக்கற வரைக்கும் நிறுத்தாம ஓட்டணும்" என்றான் வில்பெர். "போதும் போதும்னு அணைக்கக் கூடாது. சூட்டை நல்லா எறக்கி விட்டுட்டு, மெத்தையால சுத்திட்டா அடுத்த கரண்ட் வரைக்கும் தாங்கும். தொட்டிக்குள்ளயே குளிரைச் சேத்து வச்சுக்கலாம்."

"உறைஞ்சு போவாதா?" என்று கேட்டான் ஒஸ்னியல்.

"அலுமினியத் தொட்டித் தண்ணிதான் உறையும். அதுக்கு உப்பைப் போடு. ஐஸ்கிரீம் கடைக்காரன் போடறானே, அது மாதிரி. உறையாம இன்னும் கீழ எறங்கும்."

எனக்கும் சரி என்று பட்டது. இந்த மிஷின் விவகாரத்தில் அவர்கள் பேசிய எத்தனையோ பேச்சில் நான் சரி என்று நினைத்தது அது ஒன்றைத்தான். என் கட்டில் மெத்தையை நானே சுருட்டிக்கொண்டு வந்தேன். மீன் தொட்டியைச் சுற்றி மூலைகளில் கயிறு கட்டும்போது நான் பிடித்துக்கொண்டேன். நெரெய்டா பாட்டிலில் உறைய வைத்த ஐஸ் கட்டி இரண்டு கொண்டுவந்து, "இதையும் போடு, சும்மா எதுக்கு வீணாப் போவணும்" என்றாள். அலுமினியத் தொட்டியில் போட்டார்கள்.

தெரு கத்தியது. ஒஸ்னியல் சுவிட்சைப் போட்டான். அந்த முறை கரண்ட் போகவே இல்லை. சோறு வெந்தது, பீன்ஸ் வெந்தது, எல்லாரும் குளித்தார்கள், நெரெய்டா போர்வையெல்லாம் துவைத்தாள், அப்போதும் இருந்தது. அதிசயமாக இருந்தது. கரண்ட் இருக்கும்போது ஓடுகிற பொருளை அணைக்க எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. அணைத்த மறுநிமிஷம் போய்விட்டால்? ஒஸ்னியல் ஒருமுறை எழுந்து சுவிட்ச் அருகே போனான்.

"விடுடா, நாளைக்கு வராது" என்றான் வில்பெர்.

ஒஸ்னியல் திரும்பி வந்து உட்கார்ந்தான். வேலைக்குக் கிளம்பும் நேரம் வரை உட்கார்ந்திருந்தான். நாங்கள் டோமினோ ஆடினோம். என் ஏசியின் உறுமலில் வில்பெர் கட்டையை அடித்து வைக்கும் சத்தமே கேட்கவில்லை. அவன் ஏமாற்றினான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உறுமல் நின்றது. கரண்ட் போய்விட்டது. தெரு ஒன்றும் சொல்லவில்லை. போனால் யாரும் கத்துவதில்லை.

"ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்" என்று ஒஸ்னியல் மெத்தைக் கயிற்றை அவிழ்த்தான்.

கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்த்திருந்தது, பீர் பாட்டில் மாதிரி. துடைத்தான். குண்டன் அடியில், கூழாங்கல் மேல், ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாலும் செவுளும் ஆடவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் மீனுக்குக் கண் எப்போதும் திறந்துதான் இருக்கும்.

ஒஸ்னியல் கையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தான்.

வில்பெர் வந்து விரலை விட்டுப் பார்த்தான்.

"பீருக்குச் சரியா இருக்கு" என்றான். சிரிக்கச் சொன்னதில்லை அது. வாய் பழகிப்போனது, தானாக வந்தது. ஒஸ்னியல் அவனைப் பார்த்தான். வில்பெர் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

"சுடுதண்ணி ஊத்தலாமா?" என்றான் ஒஸ்னியல்.

"ஊத்தாத, ஊத்தாத" என்று நெரெய்டா உள்ளே வந்தாள். கை ஈரம் சொட்டியது. "இன்னும் செத்துரும். மெத்தையை எடுத்துடு. தானா சூடாவட்டும். வெயிலா இல்ல நம்ம ஊர்ல?"

மெத்தையை எடுத்தோம். ஐஸ் பாட்டில்களை எடுத்தோம். அவை உருகவே இல்லை. ஜன்னலைத் திறந்து வெயில் தொட்டி மேல் விழும்படி செய்தோம். எந்த வெயில் தொட்டியைத் தொடக்கூடாது என்று அத்தனை நாள் பாடுபட்டானோ அதே வெயில். ஒஸ்னியல் வேலைக்குப் போகவில்லை. முட்டி போட்டு, கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உட்கார்ந்தான். நான் காபி போட்டேன். பட்டாணி கலந்த காபி, ஆறினால் குடிக்க முடியாது. அவனுக்குக் கொடுத்தது ஆறியது.

அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதே மறந்துவிட்டது.

"எடுக்காதே" என்றேன்.

எடுத்தான். எடுத்ததும் என் முகத்துக்கு நேராக நீட்டினான். யுலைமியின் முகம் தெரிந்தது. முடியை வெட்டியிருந்தாள்.

"அப்பா, சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"என்ன சாப்டீங்க?"

"சோறு."

"மாத்திரை போடறீங்களா?"

"கெடைச்சா போடறேன்."

"சரிப்பா." போனைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "குண்டன் எங்க?"

ஒஸ்னியல் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினான். திருப்பும்போது உடம்பால் பாதியை மறைத்தான், தலைச்சதை மட்டும் தெரியும்படி.

"ஏன் கீழ கெடக்கு?"

"தூங்குது. நல்லா சாப்ட்டுட்டுத் தூங்குது. தண்ணி இப்ப அவ்ளோ ஜில்லுனு இருக்கு யுலி, நீ பாத்தா நம்ப மாட்ட."

"ஒஸ்னி."

"சொல்லு."

"அதை யார்கிட்டயாவது குடுத்துடேன்."

"ஏன்?"

"நீ படற பாடு எனக்குத் தெரியாதா? ஏசிய உடைச்சு, கேஸ் வாங்கி, வேலைக்குப் போவாம... அதை நம்பியா உக்காந்திருக்க?"

"பாடெல்லாம் ஒண்ணும் இல்ல. மிஷின் நல்லா ஓடுது. நான் அங்க கெளம்பும்போது வில்பெர்கிட்ட விட்டுட்டு வரேன். அவன் பாத்துப்பான்."

சுவரில் சாய்ந்திருந்த வில்பெர் தலையைத் திருப்பிக்கொண்டான். நெரெய்டா தன் ஈரக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் காகிதம் நான் போடல ஒஸ்னி."

"எப்ப போடுவ?"

"போடலன்னு சொல்றேன். போடப் போறதில்ல. இதை எத்தனை மாசமா சொல்லணும்னு..."

அவள் முகம் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்தபடி, கண் ஒன்று பாதி மூடியபடி. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். ஒஸ்னியல் அந்த நின்ற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். என் மகள்தான். எனக்கு அழுகை வரும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். வரவில்லை. முடி வெட்டியது அவளுக்கு நன்றாக இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"சிக்னல் போச்சு" என்றான் ஒஸ்னியல். "என்னமோ சொல்ல வந்தா."

நெரெய்டா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள்.

அவன் போனைப் பாக்கெட்டில் போட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடி தொட்டிக்குள் கையை விட்டான். இந்த முறை இழுக்கவில்லை. குண்டனுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து, மெதுவாக நிமிர்த்திப் பிடித்தான். விட்டால் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினான். முன்னும் பின்னும் அசைத்தான், செவுள் வழியாகத் தண்ணீர் போகட்டும் என்று. கொட்டிய மாவு மாதிரி அவன் முகம் வெளுத்திருந்தது.

வில்பெர் தொண்டையைச் செருமினான். "ஐஸ்கிரீம் கடைக்காரன்கிட்ட பழைய தெர்மோஸ்டாட் ஒண்ணு கெடக்கு. அதைப் போட்டுட்டா தானா அணைஞ்சுரும். இது மாதிரி ஆவாது."

"நாளைக்கே போடலாம்" என்றான் ஒஸ்னியல்.

"நாளைக்கா? கடை தெறந்தா போடலாம்."

"போடணும் வில்பெரு. தண்ணி மட்டும் சரியா இருந்தா இது இன்னும் பத்து வருஷம் இருக்கும். படிச்சிருக்கேன். அப்புறம் அவ..." நிறுத்தினான். கையை அசைப்பதை நிறுத்தவில்லை.

வெயில் தொட்டியின் பாதிவரை வந்திருந்தது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் சூடாகியிருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் கையை விடவில்லை.

"மாமா! மாமா, இங்க வாங்க. செவுள் தெறந்துச்சு."

போய்ப் பார்த்தேன். குனிந்து பார்க்க முட்டி வலித்தது. மீன் அவன் கைமேல் இருந்தது. செவுள் மூடி எழுந்தது, விழுந்தது. அவன் கை முன்னால் போனபோது எழுந்தது, பின்னால் போனபோது விழுந்தது.

"உன் கைதான் ஆடுது" என்றேன்.

"இல்ல மாமா. நல்லாப் பாருங்க."

"கையை எடு, பாக்கறேன்."

அவன் எடுக்கவில்லை.

நெரெய்டா சிலுவை போட்டுக்கொண்டாள். "தெறந்துச்சு, நானும் பாத்தேன்" என்றாள். வில்பெரும் தலையாட்டினான். அவன் எதற்கும் தலையாட்டுவான்.

நான் நிமிர்ந்தேன். மெத்தை தரையில் கிடந்தது, ஒரு ஓரம் நனைந்திருந்தது. அதைத் தூக்கி ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தேன்.

"மாமா, எங்க போறீங்க? பாத்துட்டுப் போங்க. வால ஆட்டுது. நெசமாவே ஆட்டுது மாமா!"

"ஆட்டட்டும்" என்றேன்.

தெருவில் வெயில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அவன் இன்னொரு முறை கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. தெருமுனைவரை நடந்தேன், அங்கேயும் நிற்காமல் நடந்தேன்.